அகதி ஆசிரியர்களைக் கொண்டே அவர்களுடைய சமூகத்தை ஆராயலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். நீர்கொழும்பிலும் பாணந்துறையிலும் தங்கியிருக்கும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஏன் இடைநடுவில் படிப்பை விடுகிறார்கள் என்று ஆராயப் போகிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அகதி ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக எடுக்கலாமா, தங்கள் ஆட்களிடமே கேட்டால் தரவு பக்கச்சார்பாகிவிடும் என்று உங்கள் மேலதிகாரி சொல்வது சரியா, அவர்களுக்குக் காசு கொடுக்கலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன். ஒரு சமூகத்துக்குள் ஏற்கெனவே ஓர் இடம் உள்ள மனிதர், அந்த இடத்தில் நின்றபடியே கேள்வி கேட்டால் என்ன பதில் வரும், அந்தக் கேள்விக்கு அவர் பிறகு என்ன விலை கொடுக்க வேண்டி வரும்?

போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் இடம்பெயர்ந்தோர் மத்தியில் கல்வி பற்றிய கள ஆய்வுகளில் வேலை செய்தவன் நான். பிறகு அப்படியான ஆய்வுகளுக்கு அந்தந்த இடத்து ஆசிரியர்களையே பயிற்றுவிக்கும் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். சட்டம் பற்றிய பகுதிக்கு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். சுருக்கமான பதில், எடுக்கலாம். ஆனால் உங்கள் அலுவலகத்தில் தயாரித்த படிவத்தைக் கையில் கொடுத்து வீடு வீடாக நிரப்பிவரச் சொல்வதற்கு மட்டும் என்றால் எடுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அவர்களுடைய சாய்வு முழுவதும் உங்கள் தரவுக்குள் வந்துவிடும். அவர்களுடைய அறிவு வெளியிலேயே நின்றுவிடும்.

முதலில் சந்தேகமில்லாத விடயங்கள். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்திலோ 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ இணையவில்லை. வெளிநாட்டு அகதிகளைப் பதிந்து, விசாரித்து, மூன்றாம் நாடொன்றுக்கு அனுப்பும் வேலையை ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகர் அலுவலகமே இங்கே பார்த்து வந்தது. இவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை. அரச பாடசாலையின் கதவும் அநேகமாக மூடித்தான் இருக்கிறது. ஆகவே சொந்த ஊரில் ஆசிரியராக இருந்தவரோ, அங்கே வேறு தொழில் பார்த்து இங்கே வந்து ஆசிரியரானவரோ, ஒரு வாடகை வீட்டு முன்னறையில் சின்னதையும் பெரிசையும் ஒன்றாக இருத்திக் கற்பிக்கிறார். எந்த வீட்டில் தகப்பன் இல்லை, எந்தப் பிள்ளை மூன்று கிழமையாக வரவில்லை, யாருடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டது என்பதெல்லாம் கேட்காமலே அவருக்குத் தெரியும். கொழும்பிலிருந்து போகும் உங்களுக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டில் அகதிகள் இருக்கிறார்கள் என்றே தெரியாது. தெரியாமல் இருப்பதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ரோஹிங்கியா அகதிகள் வைக்கப்பட்டிருந்த வீட்டைப் பிக்குகள் தலைமையில் ஒரு கூட்டம் முற்றுகையிட்டது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த அகதிகள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். குண்டுவெடிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத, தாங்களே தீவிரவாதத்துக்குத் தப்பி ஓடிவந்த மனிதர்கள். நூற்றுக்கணக்கானோர் அங்குள்ள அஹ்மதியா (பாகிஸ்தானில் ஒடுக்கப்படும் ஒரு பிரிவு) பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வளவிலும் வாரக்கணக்கில் தங்கிக் கிடந்தார்கள். அந்த நினைவோடு இருக்கும் ஒரு தாய், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் படிவமுமாக வரும் அந்நியருக்குக் கதவு திறக்கமாட்டாள். பிள்ளையின் ரீச்சருக்குத் திறப்பாள். மொழியும் அப்படித்தான். உருதுவிலோ ஆப்கானியரின் டாரி மொழியிலோ நடக்கும் பேச்சு, மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலமாகி, பிறகு உங்கள் குறிப்பில் ஏறும்போது பாதி உதிர்ந்துவிடும். இந்த இரண்டு நன்மைகளையும் யாரும் மறுக்க முடியாது.

கதவு திறந்துவிட்டதாலேயே உண்மை வெளியே வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. ஆய்வறிக்கைகள் பலவற்றில் இந்த இடத்தில்தான் ஒரு தாவல் இருக்கும். சமூகத்துக்குள் இருப்பவருக்கே அந்தச் சமூகம் விளங்கும் என்ற நம்பிக்கை பழையது. அதற்கு எதிர்வாதமும் பழையது. அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மேர்ட்டன் 1972இல் எழுதிய கட்டுரையில், உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் வெவ்வேறு விடயங்கள் தெரியும், எவருக்கும் அறிவில் தனியுரிமை இல்லை என்று வாதிட்டார். களத்தில் நான் கண்டதும் அதுதான். உள்ளூர் ஆசிரியர் திரட்டும் தரவு வெளியாளின் தரவைவிடப் பொதுவாக உண்மையானது என்று நான் சொல்லமாட்டேன். வேறு விதமாக உண்மையானது, வேறு இடத்தில் பொய்யானது.

எந்த இடத்தில் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஆசிரியர் என்பவர் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. எங்கள் ஊர்களில் சேர் வருகிறார் என்றால் தகப்பன் கதிரையை விட்டு எழும்புவார். உருது பேசும் வீடுகளிலும் உஸ்தாதுக்கு அதே மரியாதைதான். அந்த மரியாதை பதிலை வளைக்கும். மகன் பகலில் ஒரு கராஜில் எடுபிடி வேலைக்குப் போகிறான் என்பதை, அவனைப் படி படி என்று சொல்லும் ஆசிரியரிடமே எப்படிச் சொல்வது? மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்பதை? வகுப்புக்கு மாதம் கொடுக்க வேண்டிய சின்னத் தொகை நிலுவையில் இருக்கிறது என்பதை? எல்லாவற்றையும் விட, வகுப்பில் ஒன்றும் விளங்குவதில்லை, அடி விழுகிறது, அதனால்தான் பிள்ளை வரவில்லை என்பதை? நீங்கள் ஆராயப்போவது பிள்ளைகள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்பது. காரணங்களில் ஒன்று அந்த ஆசிரியராகவே இருக்கக்கூடும். அந்தப் பதிலை அவராலேயே கேட்டெடுக்க முடியாது.

இதற்கு நான் கைக்கொண்ட வழி எளிமையானது: எந்த ஆசிரியரும் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை நேர்காணக்கூடாது. பாணந்துறை ஆசிரியர் நீர்கொழும்புக்கும், நீர்கொழும்பு ஆசிரியர் பாணந்துறைக்கும் போகலாம். அப்போது கொஞ்சம் நெருக்கம் குறையும், பஸ் காசு கூடும், ஆனால் வாய் திறக்கும். இன்னொரு வழி, ஒவ்வொரு ஆசிரியரோடும் ஆசிரியர் அல்லாத ஒரு தாயைச் சேர்த்துவிடுவது. பெண்களிடம் பெண்களே கதைப்பதற்கும் அது தேவை. குசினிக்குள் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வரும் அந்தத் தாய் கொண்டுவரும் குறிப்பு, முன்னறையில் இருந்த சேரின் குறிப்பைவிடப் பல தடவை கனமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, 'தங்கள் ஆட்கள்' என்று உங்கள் மேலதிகாரி சொல்கிறாரே, அது யார்? இந்தக் கேள்வியை எங்கள் ஊரிலேயே வைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள், ஆசிரியர்களும் கூடவே போய் ஓலைக்கொட்டில்களில் பாடசாலை நடத்தினார்கள். வெளியே இருந்து பார்த்தால் அவர்கள் எல்லோரும் வடபுல முஸ்லிம்கள். உள்ளே யாழ்ப்பாண நகரத்து ஆசிரியர் வேறு, மன்னார்க் கரையோர மீனவக் குடும்பம் வேறு. அந்த ஆசிரியர் கேட்கும் தொனியே அந்தக் குடும்பத்துக்கு அதிகாரியின் தொனியாக இருக்கும். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாகம், கோணப்புலம் போன்ற முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் காணியில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். காணியும் உறவும் வெளிநாட்டுக் காசும் உள்ளவர்கள் எப்போதோ வெளியேறிவிட்டார்கள். அங்கே அதே கிராமத்தில் பிறந்த, வேறு சாதி ஆசிரியர் ஒருவரை 'சமூகத்தின் சொந்த ஆய்வாளர்' என்று அனுப்பினால், அவர் கொண்டுவருவது எந்தச் சமூகத்தின் குரல்? இதைப் பற்றி எழுதும்போது எங்கள் அறிக்கைகள் எல்லாம் திடீரென்று மரியாதையாகி, 'சமூக வேறுபாடுகள்' என்று ஒரு சொல்லோடு நகர்ந்துவிடும்.

உங்கள் களத்திலும் அதே கோடுகள் உண்டு, பெயர்தான் வேறு. பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களில் அஹ்மதியாக்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியும், ஆனால் ஒரு வீட்டுக் கதை மறு வீட்டுக்குப் போவதில்லை. ஆப்கானிஸ்தானின் ஹசாரா இனக் குடும்பத்துக்கு உருது ஆசிரியர் ஒரு வெளியாள்தான். இவற்றோடு நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு கோடு, அகதி என ஏற்கப்பட்டவருக்கும் நிராகரிக்கப்பட்டவருக்கும் இடையில் இருப்பது. ஏற்கப்பட்டவருக்கு இன்னொரு நாட்டுக்குப் போகும் வழி கிடைக்கலாம், மற்றவருக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. ஒரே நாடு, ஒரே மதம், ஒரே படிக்கட்டு. ஆனால் இவர் கேட்கும் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில் பொறாமையும் வெட்கமும் கலந்திருக்கும். ஆய்வாளர்களைத் தெரிவுசெய்யும்போது நாட்டை மட்டும் பார்க்காமல் இவற்றையும் பாருங்கள்.

அந்தக் கோட்டோடு சேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். அகதிக்கு, தாளோடு வந்து கேள்வி கேட்கும் எவரும் தன் கோப்போடு தொடர்புடையவர்தான். நீங்கள் நூறு தடவை இல்லை என்றாலும் மனதின் ஒரு மூலை நம்பாது. ஆகவே உயர்ஸ்தானிகர் அலுவலக நேர்காணலில் என்ன சொன்னார்களோ, அதையே எழுத்துப் பிசகாமல் உங்களுக்கும் சொல்வார்கள். மாற்றிச் சொன்னால் எங்கேயாவது இடிக்கும் என்ற பயம். அதைப் பொய் என்று நினைக்காதீர்கள், அது தற்காப்பு. நீங்கள் செய்யக்கூடியது, ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்காமலே விடுவது. படிப்பைப் பற்றிய ஆய்வு என்றால் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். சம்மதம் கேட்கும்போது, இதனால் உங்கள் மனுவுக்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்பதை முதல் வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள், முடிக்கும்போது இன்னொரு தடவையும் சொல்லச் சொல்லுங்கள். அதை ஆசிரியர் தன் வாயால் தன் மொழியில் சொல்லும்போது ஓரளவு எடுபடும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிணை நிற்பவரும் அவர்தான். உங்கள் திட்டம் முடிந்த பிறகு, அன்றைக்குச் சொன்னோமே, என்ன நடந்தது என்று தெருவில் மறித்துக் கேட்பது உங்களை இல்லை.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம். ஆசிரியர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியும், ஆனால் அவர்கள் கேட்பது விடை தெரிந்த கேள்வி. ஒரு தாய் தடுமாறினால் உடனே விடையை எடுத்துக் கொடுப்பார்கள். பிழையாகச் சொன்னால் திருத்துவார்கள். பிள்ளையைக் கிரமமாக அனுப்ப வேண்டும் என்று இடையில் ஒரு சின்னப் பிரசங்கமும் நடக்கும். இவற்றை விடவைப்பதற்குத்தான் பயிற்சியின் பெரும் பகுதி போகும். ஒருவர் தாயாகவும் ஒருவர் ஆய்வாளராகவும் நடிக்க, மற்றவர்கள் பார்த்திருந்து, எங்கே திருத்தினார் எங்கே தலையாட்டினார் என்று சொல்ல வேண்டும், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். இன்னொரு பழக்கம் இதைவிட நுட்பமானது. ஆசிரியர்கள் அழகாக எழுதுவார்கள். 'எங்க சேர், பஸ்சுக்குக் காசிருந்தா அனுப்பமாட்டனா' என்று ஒருத்தி சொன்னது, அவருடைய கொப்பியில் 'பொருளாதார நெருக்கடி காரணமாகப் பிள்ளையின் வரவு பாதிக்கப்பட்டுள்ளது' என்று ஆகிவிடும். கோபம் போய்விட்டது, பஸ்சும் போய்விட்டது. சொன்னவர் சம்மதித்தால் ஒலிப்பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நேர்காணலிலும் சில வசனங்களையாவது சொன்னபடியே எழுதவேண்டும் என்று விதி வையுங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன 'அறிவு' என்ன என்பதற்கு வருகிறேன். புத்தளத்தில் ஒரு தடவை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராத காரணங்களைத் திரட்டியபோது, கணிசமான படிவங்களில் 'பிள்ளைக்கு வருத்தம்', அதாவது சுகமில்லை, என்றே இருந்தது. கொழும்பில் மேசைக்கு முன்னால் இருந்து பார்த்தால் அது ஒரு சுகாதாரக் கண்டுபிடிப்பு. அடுத்த திட்டத்துக்கு மருத்துவ முகாம் என்று தலைப்புக்கூடப் போட்டிருப்பார்கள். படிவங்களை அந்த ஆசிரியர்கள் முன்னால் பரப்பியபோது ஒரு ரீச்சர் திகதிகளைப் பார்த்தார். நிவாரணம் பிந்திய கிழமைகளில்தான் இந்த வருத்தம் வருகிறது, காலைச் சாப்பாடு இல்லாத பிள்ளையை அனுப்ப வெட்கப்பட்டு இப்படிச் சொல்வார்கள் என்றார். தரவு அதேதான், விளக்கம் முழுவதும் மாறிவிட்டது. அந்த ஒரு பின்னேரத்துக்காகவே அவர்களை ஆய்வுக்குள் எடுக்கவேண்டும். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் அந்தப் பின்னேரத்துக்கு வரவுசெலவில் இடமே இருக்காது. கேள்விகளைத் தெரிவுசெய்வதிலும் இப்படித்தான். கொலம்பியாவில் ஒர்லாண்டோ பால்ஸ் போர்டா போன்றவர்கள் 1970களில் வளர்த்த பங்கேற்பு ஆய்வு முறையின் அடிப்படையே, ஆராயப்படும் மக்கள் கேள்வியை உருவாக்குவதிலும் முடிவை விளக்குவதிலும் கையிட வேண்டும் என்பது. இன்று நிதிக் கோரிக்கைகளில் அந்தப் பெயர் மட்டும் தங்கி, நடுவில் உள்ள தரவு திரட்டும் வேலை மட்டும் சமூகத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. அது மலிவான கூலிக்கு ஆள் பிடிப்பதுதான்.

கூலி என்றதும் உங்கள் மூன்றாவது கேள்வி. கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். கென்யாவின் ககூமா, டடாப் முகாம்களில் அகதி ஆசிரியர்களுக்குச் சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்று கொடுக்கிறார்கள். அதே வேலை செய்யும் கென்ய ஆசிரியரின் சம்பளத்தைவிட அது மிகக் குறைவு. நாங்கள் சிரிக்க முடியாது. வடக்கு கிழக்கில் தொண்டர் ஆசிரியர்கள் என்ற பெயரில் எத்தனை பேர் வருடக்கணக்கில் சொற்பக் காசுக்கும் சும்மாவும் கற்பித்துவிட்டு, நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்தார்கள்! என் கருத்து, உள்ளூர்க் கள உத்தியோகத்தருக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுப்பீர்களோ அதே மதிப்பை இவர்களுக்கும் வையுங்கள். பயணம், சாப்பாடு, தொலைபேசி டேட்டா, பிள்ளை பார்ப்பவருக்கான செலவு எல்லாம் வேறாக. ஆனால் வேலை செய்யும் உரிமை இல்லாத ஒருவரின் பெயர் சம்பளப் பதிவில் ஏறினால் அது அவருக்கே எதிராகத் திரும்பக்கூடும். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது; விசா இல்லாதவர் மிரிஹான தடுப்பு நிலையம் வரை போன கதைகள் உண்டு. எந்த வடிவத்தில் கொடுப்பது என்பதை ஆய்வு தொடங்கமுன் சட்டத்தரணியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்த ஆபத்தை ஆசிரியரிடமும் மறைக்காமல் சொல்லி, அவரே முடிவெடுக்க விடுங்கள்.

இன்னொன்றையும் தொடங்கமுன்னமே தீர்த்துவிடுங்கள். பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில் எங்கேயாவது ஒரு பிள்ளைக்கு நடக்கும் கொடுமை காதில் விழும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொலிஸ் என்றாலே நடுங்கும் குடும்பத்தில், அந்த அழைப்பை எடுத்தது ரீச்சர்தான் என்று தெரிந்தால் அவர் அந்தத் தெருவில் இருக்க முடியாது. உயர்ஸ்தானிகர் அலுவலகமும் 2024 முடிவில் கொழும்பில் தன் பணிகளைச் சுருக்கிக்கொண்டது. ஆகவே அப்படி ஒன்று வந்தால் ஆசிரியர் யாரிடம் சொல்வது, அதற்குப் பிறகு யார் பொறுப்பு என்பதை உங்கள் நிறுவனம் பெயர் குறித்து முடிவுசெய்திருக்க வேண்டும். பொறுப்பு உங்களில் ஒருவருடையதாக இருக்கட்டும். பெயர், விலாசம், படம் எதையும் கொப்பியில் எழுதவிடாதீர்கள், இலக்கம் போதும். இலக்கத்துக்கு உரியவர் யார் என்ற பட்டியல் கொழும்பில் பூட்டியிருக்கட்டும். ஒலிப்பதிவுகள் வட்ஸ்அப்பில் சுற்றக்கூடாது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு தடவை வாசியுங்கள், ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் 2019ஐ நினைத்தே இதைச் செய்ய வேண்டும்.

இந்த வேலை ஆசிரியர்களை வலுப்படுத்துகிறது என்று எல்லாத் திட்ட அறிக்கைகளும் எழுதும். அதை நான் அரை மனதோடுதான் நம்புகிறேன். திட்டம் முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பிப் போய்க் கேட்பவர்கள் குறைவு. சிலருக்கு உண்மையாகவே நன்மை உண்டு. கனடாவிலோ வேறொரு நாட்டிலோ இறங்கும்போது காட்டுவதற்கு, என்ன செய்தார் என்று தெளிவாக எழுதிய ஒரு கடிதம், பொன்னெழுத்துச் சான்றிதழைவிடப் பயன்படும். அறிக்கையில் பெயர் போடலாமா என்பதை அவர்களிடமே கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு தடவை, அச்சுக்குப் போகமுன் இன்னொரு தடவை. இடையில் மனம் மாறலாம், நிலைமையும் மாறலாம்.

உங்கள் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பக்கச்சார்பு இருக்கிறது, ஆம். நீங்களே போனாலும் இருக்கும். கொழும்புக்காரருக்கு, உதவி தரக்கூடியவருக்குச் சொல்லும் பதில்தான் உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு நேர்காணலிலும் யார் யாரைக் கேட்டார், இருவருக்கும் என்ன உறவு, எந்த மொழி, அறைக்குள் வேறு யார் இருந்தார்கள் என்று பதிந்து, அறிக்கையில் அதை வெளிப்படையாக எழுதுங்கள். முடிந்தால் சில வீடுகளுக்கு வெளியாள் ஒருவரையும் அனுப்பி இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடம்தான் பெரும்பாலும் ஆராய வேண்டிய இடம்.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம், இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. உங்கள் ஆய்வாளர்களில் சிலர் நடுவிலேயே போய்விடுவார்கள். வருடக்கணக்காகக் காத்திருந்த பயணம் சரிவந்தால் அவர் உங்கள் ஆய்வுக்காகத் தங்கமாட்டார், தங்கவும் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேரைப் பயிற்றுவித்து வையுங்கள். குறிப்புகளைக் கிழமைக்குக் கிழமை வாங்கிவிடுங்கள். போகிறவருக்குச் சேர வேண்டிய காசைப் போகும் நாளுக்கு முன் கையில் கொடுங்கள்.